நரம்பு கம்பியன்று

பள்ளிப் பாடநூல்களில் நியூரானின் படம் ஒன்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருந்துவருகிறது. கிளைவிட்ட ஒரு தலை, நீண்ட வால், வாலின்மீது கோத்த மணிகளைப் போன்ற உருளைகள். அவ்வுருளைகளில் ஒன்றை நோக்கி ஓர் அம்புக்குறி. அதன் முனையில் 'ஷ்வான் செல்' என்னும் பெயர். வகுப்பறையில் அதற்குக் கிடைக்கும் விளக்கமும் மாறுவதில்லை: மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை எப்படியோ, ஆக்சானுக்கு மையலின் உறை அப்படி, அந்த உறையைச் செய்து தருவது ஷ்வான் செல். மாணவர் அதை எழுதி மதிப்பெண் பெறுகிறார். அந்தச் செல்லைப் பற்றிய பேச்சு பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுமைக்கும் அவ்வளவில் முடிந்துவிடுகிறது.

இவ்விளக்கம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றோ திருத்தப்பட்டிருக்கும். பாதி மெய்யாக இருப்பதால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. உறை இருக்கிறது, மின்காப்பும் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் கம்பியின் உறை உயிரற்றது. கம்பியிடமிருந்து அது எதையும் பெறுவதில்லை, கம்பிக்கு எதையும் ஊட்டுவதுமில்லை. கம்பி அறுந்தால் அறுந்த இடத்தில் உறை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். இவை ஒவ்வொன்றிலும் ஷ்வான் செல் நேர்மாறானது. ஆகவே இந்த உவமை ஒன்றைக் காட்டுவதற்காக மற்றெல்லாவற்றையும் மறைக்கிறது. அம்மறைப்பின் விலையை உலகில் வேறெந்த நாட்டையும்விட இந்தியா அதிகமாகக் கொடுத்துவருகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நாட்டவர். எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம். அந்நோயின் கிருமி உடலில் குடியிருக்கத் தேர்ந்தெடுக்கும் இடங்களில் முதன்மையானது இந்த ஷ்வான் செல்தான்.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். 1839இல் தியோடோர் ஷ்வான் தம் நுண்ணோக்கி ஆய்வு நூலில் நரம்பிழையைச் சூழ்ந்த செல்களை விவரித்தார். அச்செல்கள் சங்கிலியாக ஒன்றிணைந்தே நரம்பிழை உருவாகிறது என்றும் அவர் கருதினார். அது பிழை. ஆயினும் அப்பிழையில் ஒரு மரியாதை இருந்தது: அச்செல்லை அவர் நரம்பின் பகுதியாகவே எண்ணினார். பின்வந்தோர் அந்த மரியாதையையும் பறித்தனர். 1850களில் ருடால்ஃப் விர்ஷோ மூளையில் நரம்புச் செல்களுக்கிடையே இருந்த பொருளுக்கு 'நியூரோகிளியா' எனப் பெயரிட்டார். கிளியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். அக்குடும்பப் பெயர் பிற்பாடு ஷ்வான் செல்லின்மீதும் ஏறிக்கொண்டது. 'மையலின்' என்பதும் விர்ஷோ வழங்கிய பெயரே. அதன் வேர்ச்சொல்லுக்கு மஜ்ஜை என்று பொருள். உள்ளே இருப்பதற்கு உரிய சொல்லை வெளியே சுற்றியிருப்பதற்கு வைத்த விந்தையை இன்று யாரும் கவனிப்பதில்லை. ஒன்றுக்குப் பசை, மற்றொன்றுக்கு மஜ்ஜை. தொழிலைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

கம்பி உவமையும் அக்காலத்ததே. கடலடித் தந்திக் கம்பிகளை இடும் வேலையில் ஐரோப்பா மூழ்கியிருந்த பத்தாண்டுகள் அவை. தந்திக் கம்பிக்காக வில்லியம் தாம்சன் வகுத்த சமன்பாடுகள் பின்னர் ஆக்சானுக்கும் பொருத்தப்பட்டன; அதனால் பெரும் பயன் விளைந்தது. மையலின் உறைக்கிடையே உள்ள ரான்வியர் கணுக்களில் மின்குறிப்பு தாவித் தாவிச் செல்வதை 1939இல் தாசாகியும் 1949இல் ஹக்ஸ்லியும் ஸ்டாம்ப்ஃப்ளியும் காட்டினர். உறையுள்ள பெரிய இழைகளில் விநாடிக்கு நூறு மீட்டரை எட்டக்கூடிய வேகம், உறையற்ற மெல்லிழைகளில் ஒன்றிரண்டு மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. கம்பி உவமை விளக்குவது இந்த வேறுபாட்டை. விளக்கட்டும். ஒரு பெரும் வெற்றி கண்ட உவமையைத் துறக்க அறிவியலாளருக்கும் மனம் வருவதில்லை என்பதுதான் இடர்ப்பாடு.

இனி அச்செல் உண்மையில் செய்வது யாது? வயதுவந்த ஒருவரின் இடுப்புப் பகுதியிலிருந்து பாதம்வரை செல்லும் ஓர் ஆக்சான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. உறையிடும் ஒவ்வொரு ஷ்வான் செல்லும் ஒரே ஓர் ஆக்சானின் ஒரே ஒரு துண்டை, அதாவது ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆன நீளத்தை மட்டும், தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. எனவே அந்த ஒரே ஆக்சானை ஆயிரம் அளவிலான செல்கள் வரிசையாக நின்று பேணுகின்றன. 1954இல் பெட்டி பென் கெரன் கோழிக்கரு நரம்புகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மையலின் என்பது ஷ்வான் செல்லின் சொந்தச் சவ்வே என்று கூறினார். அது ஆக்சானைச் சுற்றிச் சுற்றி வந்து சுருளாகப் படிகிறது. செல் உற்பத்தி செய்து வெளியே பூசிய பொருள் அன்று அது, செல்லின் உடலே.

உறையிடாத ஷ்வான் செல்களும் உண்டு. ரெமாக் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர். வலியையும் வெப்பத்தையும் கொண்டுசெல்லும் மெல்லிழைகள் பலவற்றை ஒரே ரெமாக் செல் தன் மடிப்புகளில் தனித்தனியே ஏந்திக்கொண்டிருக்கிறது. மனிதரின் புற நரம்புகளில் உறையுள்ள இழைகளைவிட இத்தகைய உறையற்ற இழைகளே எண்ணிக்கையில் மிகுதி. பாடநூல் படத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. காரணம் எளிது, கம்பி உவமைக்குள் இவை அடங்கா. மின்காப்பு வேலையே செய்யாத ஓர் 'உறை'யை என்னவென்று விளக்குவது? 2019இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், எலியின் தோலுக்கடியில் வலையாகப் பரவியுள்ள ஒருவகை ஷ்வான் செல்கள் அழுத்தத்தையும் குத்தலையும் தாமே உணர்ந்து நரம்பிழைக்கு அறிவிக்கின்றன என்று காட்டினர். உறை வலியை உணர்கிறது என்று சொல்ல வேண்டிய நிலை வந்தபின்னும் உறை என்ற சொல்லைக் கட்டி அழுவது ஏன்?

உவமையின் தோல்வி மிகத் தெளிவாகத் தெரிவது ஒரு பரம்பரை நோயில். சார்கோ–மாரி–டூத் நோயின் மிகுதியாகக் காணப்படும் வகை, பிஎம்பி22 என்னும் மரபணு இரட்டிப்பதால் வருகிறது. அப்புரதத்தின் மிகுதியால் சீர்கெடுவது ஷ்வான் செல்லின் மையலின். உவமைப்படி பார்த்தால் நோயாளிக்கு நேர வேண்டியது மின்குறிப்பின் வேகக் குறைவு மட்டுமே. வேகம் குறைவது உண்மைதான். ஆனால் கைகால் தசைகள் மெலிந்து நடை தளர்வதற்குக் காரணம் அந்த வேகக் குறைவன்று. காலப்போக்கில் ஆக்சான்களே அழிந்துபோவதுதான். ஆக்சானில் எந்த மரபணுப் பிழையும் இல்லாதபோதும் ஆக்சான் மடிகிறது. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள செல் உடலிலிருந்து மட்டும் தனக்கு வேண்டிய யாவற்றையும் பெற்று வாழ்ந்துவிட அதனால் இயலாது. பக்கத்தில் நிற்பவர் நோயுற்றால் அதுவும் நோயுறுகிறது.

நரம்பு அறுபடும்போது நிகழ்வதோ இன்னும் வியப்புக்குரியது. 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி சிதைவதைப் பதிவு செய்தார். 'வாலரின் சிதைவு' என்று அது இன்றும் வழங்கப்படுகிறது. இப்பெயரும் பாதியைத்தான் சொல்கிறது. சிதைவது ஆக்சான், ஷ்வான் செல் சிதைவதில்லை. அது தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது. மையலின் ஆக்கும் மரபணுக்களை அணைத்துவிட்டு, சி-ஜுன் என்னும் புரதத்தின் ஆணையின்கீழ் வேறொரு மரபணுத் தொகுப்பை இயக்குகிறது. தன் உடலாக இருந்த மையலினைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. எஞ்சிய குப்பையை அகற்ற மேக்ரோஃபேஜ் செல்களை வரவழைக்கிறது. நரம்புச் செல் மடியாதிருக்க வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது. பின்னர் நீண்டு மெலிந்து, ஒன்றோடொன்று அணிவகுத்து, மீண்டும் வளர்ந்துவரும் ஆக்சான் வழிதவறாமல் செல்வதற்கான தடமாகத் தானே கிடக்கிறது. ஆக்சான் வந்து சேர்ந்ததும் மீண்டும் உறையிடும் தொழிலுக்குத் திரும்புகிறது. முதிர்ந்த செல் ஒன்று இத்தனை வேடங்களை அடுத்தடுத்து ஏற்று மீள்வது உடலில் அரிது.

இந்நிலைமாற்றத்தை ஆய்வுலகமே நெடுங்காலம் 'பின்னோக்கிய மாற்றம்' என்றுதான் அழைத்துவந்தது; முதிர்ந்த செல் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது என்பது அதன் உட்பொருள். லண்டனைச் சேர்ந்த கிறிஸ்ட்யான் ஜெஸ்ஸனும் ரோனா மிர்ஸ்கியும் இதை மறுத்தனர். கருவிலுள்ள ஷ்வான் செல்லிடம் காணப்படாத பண்புகள் பல இச்செல்லிடம் உள்ளன. எனவே இது பின்வாங்கலன்று, பழுதுபார்ப்பதற்கென்றே தோன்றும் தனி வகை, 'பழுதுநீக்கும் ஷ்வான் செல்' என்பது அவர்கள் வாதம். சொல்லை மாற்றியதும் கேள்விகள் மாறின. குழந்தையாகிவிட்ட செல்லிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. வேலைக்கு வந்த செல்லிடம் எவ்வளவு காலம் வேலை செய்வாய் என்று கேட்கலாம். விடை கவலைக்குரியது: ஆக்சான் வந்து சேராமல் மாதங்கள் கடக்கக் கடக்க அச்செல்களின் பழுதுநீக்கும் ஆற்றல் மங்குகிறது, அவற்றின் எண்ணிக்கையும் குறைகிறது, முதுமையிலோ தொடக்கத்திலேயே அது குறைவு. ஆக்சான் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மேற்கையில் அறுபட்ட நரம்பு உள்ளங்கைத் தசையை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். நரம்பு அறுவை மருத்துவத்தில் தாமதம் ஏன் பொறுத்துக்கொள்ளத் தகாதது என்பதை இவ்விரண்டு உண்மைகளும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. கம்பி உவமை பயின்ற ஒருவரோ, அறுந்த கம்பியை இன்று இணைத்தாலென்ன, அடுத்த ஆண்டு இணைத்தாலென்ன என்று எண்ணக்கூடும்.

மூளையிலும் தண்டுவடத்திலும் ஆக்சான்கள் மீள வளராமைக்குக் காரணம் அவற்றின் இயலாமையன்று, சூழலே என்பதைக் காட்டியதும் இச்செல்கள்தாம். 1981இல் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டைத் தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே பாலமாக வைத்தனர். மைய நரம்பு மண்டலத்தின் ஆக்சான்கள் அதனுள் நுழைந்து சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. பாலத்தின் மறுமுனையில் ஷ்வான் செல்கள் இல்லாத நிலத்தை அடைந்ததும் சற்றுத் தொலைவிலேயே நின்றுவிட்டன.

இத்தனை நெகிழ்வும் அக்கறையும் உடைய ஒரு செல்லைக் கிருமி ஒன்று கைப்பற்றினால் என்னாகும்? அதற்குப் பெயர்தான் தொழுநோய்.

1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்ட மைக்கோபாக்டீரியம் லெப்ரே இன்றுவரை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாத கிருமி. அது இரட்டிப்பதற்கு இரண்டு வாரங்கள் அளவில் ஆகும். உடலின் குளிர்ந்த பகுதிகளை அது நாடும். 1990களின் இறுதியில் அனுர ரம்புக்கனவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அக்கிருமி ஷ்வான் செல்லைப் பற்றும் வழியைக் கண்டனர்: அச்செல்லைச் சூழ்ந்த லாமினின் புரதமும் செல்லின் மேற்பரப்பிலுள்ள டிஸ்ட்ரோகிளைக்கானும் அதன் பிடிமானங்கள். 2013இல் அதே ஆய்வாளரின் குழு, கிருமி புகுந்த எலி ஷ்வான் செல்கள் தம் அடையாளத்தை இழந்து முதிராத செல்களைப் போல மாற்றியமைக்கப்படுவதைக் காட்டியது. பழுதுபார்ப்பதற்காக இயற்கை அளித்த அந்த நெகிழ்வையே கிருமி தன் பரவலுக்குக் கருவியாக்குகிறது. கிருமி நஞ்சு கக்கி நரம்பைக் கொல்வதில்லை. பெருமளவு சேதத்தை விளைவிப்பது கிருமியைத் தேடி நரம்புக்குள் நுழையும் உடலின் எதிர்ப்பாற்றல்தான். முதலில் மங்குபவை வெப்ப உணர்வும் வலியுணர்வும். ரெமாக் செல்கள் ஏந்தியிருக்கும் அதே மெல்லிழைகள்.

இந்த நரம்புசார் பார்வை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று எண்ணிவிட வேண்டா. நோய் தொடக்கத்திலேயே நரம்பில் இருக்கிறது என்பதை மும்பையின் நோய்க்குறியியலாளர் வி. ஆர். கனோல்கர் தொடக்கநிலைப் புண்களின் திசுக்களை ஆராய்ந்து 1951இல் எழுதினார். இந்திய வகைப்பாட்டில் தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் நரம்பில் மட்டும் தோன்றும் தொழுநோய்க்குத் தனி இடம் இருந்தது. 1966இல் வெளியாகி உலகெங்கும் ஏற்கப்பட்ட ரிட்லி–ஜாப்ளிங் வகைப்பாட்டில் அதற்கு அத்தகைய இடம் இல்லை. மும்பையிலேயே அறுவை மருத்துவர் நோஷிர் ஆன்டியாவின் குழுவினர் 1980களில் ஷ்வான் செல் வளர்ப்புகளில் இக்கிருமியை வைத்து ஆய்ந்தனர். வேலூரில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் கண்டதும் இதே உண்மையின் மறுபக்கம்: நோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை; வலி தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றுகிறது, வலி தெரியாத கால் முள்ளின்மேல் நடந்துகொண்டே இருக்கிறது, காயங்கள் விரல்களைத் தின்றுவிடுகின்றன. நோயை உலகுக்கு நரம்புநோயாக விளக்கும் தகுதி இந்நாட்டுக்கு வேறெவரையும்விட இருந்தது. அது என்ன செய்தது?

தோல் மருத்துவத் துறையிடம் கொடுத்துவிட்டது. இந்திய மருத்துவக் கல்லூரிகளில் தொழுநோய் இன்றும் தோல், பால்வினை நோய்த் துறையின் மூன்றாவது சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்துறையினர் இந்நோய்க்கு ஆற்றிய தொண்டு குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. வேறு துறைகள் முகம் திருப்பிய காலத்தில் அவர்களே நோயாளியைத் தொட்டனர். குறை அவர்களிடத்தில் இல்லை. நரம்பியல் துறை இந்நோயைத் தன்னுடையதாகக் கருதாததே குறை. பழைய மருத்துவ நூல்களில் 'குஷ்டம்' என்பது பதினெட்டு வகைத் தோல் நோய்களுக்கான பொதுப்பெயர். நவீன நிர்வாகமும் பெயரளவில் அங்கேயே நிற்கிறது.

அடுத்தது 'ஒழிப்பு' என்னும் சொல். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளிகள் என்னும் நிலையை 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நீக்கம்' என உலக சுகாதார அமைப்பு 1991இல் வரையறுத்தது. 2005 டிசம்பரில் இந்தியா அவ்வெல்லையைத் தாண்டியது. அடியோடு அழிப்பதற்கும் எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் ஆங்கிலத்தில் இரு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டும் 'ஒழிப்பு'. இந்தியிலும் 'உன்மூலன்' என்ற ஒன்றே இரண்டிற்கும் வழங்குகிறது. திட்டத்தின் பெயரிலோ அழிப்பு, அறிவிப்பிலோ குறைப்பு, மக்களின் காதிலோ நோய் போயே போய்விட்டது என்ற செய்தி. அந்த எண்ணிக்கையும் எவ்வாறு குறைந்தது? கணக்கில் வருவோர், பதிவேட்டில் சிகிச்சை பெறுவோர் மட்டுமே. சிகிச்சைக் காலம் இருபத்துநான்கு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகவும், மற்றொரு வகையினருக்கு ஆறாகவும் ஆனபோது, பதிவேட்டில் ஒருவர் தங்கும் காலம் சுருங்கியது. அதனாலும் எண் சுருங்கியது. கிருமியைக் கொல்வதற்கு அக்காலம் போதும் என்பது மருத்துவ உண்மை. நரம்புக்கு அது போதுமா என்பது அந்த எண்ணில் இல்லை. அறிவிப்புக்குப் பின் வீடு வீடாகத் தேடும் பணி தளர்ந்தது. 2016இல் மீண்டும் இயக்கமாகத் தேடத் தொடங்கியபோது மறைந்திருந்த நோயாளிகள் வெளிவந்தனர்.

எல்லாவற்றிலும் கொடிய சொல் ஒன்று உண்டு: 'சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்'. கடைசி மருந்து அட்டையை விழுங்கி முடித்தவரின் பெயருக்கு எதிரே இது எழுதப்படுகிறது. யார் யாரை விடுவித்தார்? செத்த கிருமிகளின் எச்சங்கள் நரம்புக்குள் நெடுநாள் கிடக்கின்றன; அவற்றுக்கெதிராக உடல் கிளர்ந்தெழும் 'வினை' மருந்து முடிந்த பின்னரும் வரக்கூடும். சிலருக்கு வலியோ வீக்கமோ இன்றி, ஓசையில்லாமலே உணர்வு மங்கும். அப்போது அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புதிதாகத் தொடங்கிய நரம்புச் சேதத்துக்கு, ஆறு மாதங்களுக்குள்ளாக, பிரெட்னிசோலோன் தொடங்கினால் மீட்சிக்கு வாய்ப்புண்டு. அதன்பின் அவ்வாய்ப்பு மிகக் குறைவு. விடுதலைப் பத்திரம் வழங்கப்பட்டவரிடம் அந்த ஆறு மாதங்களை யார் எண்ணிக்கொண்டிருப்பார்?

அளவுகோலும் இதே பிழையைச் செய்கிறது. ஊனத்தை மூன்று படிகளாகப் பிரிக்கின்றனர். சுழியம் என்றால் குறையில்லை. ஒன்று என்றால் உணர்விழப்பு உண்டு, கண்ணுக்குத் தெரியும் சிதைவு இல்லை. இரண்டு என்றால் சிதைவு தெரிகிறது. திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாக ஆண்டறிக்கைகளில் முன்னிற்பது இரண்டாம் படியின் எண்ணிக்கையே. மடங்கிய விரலும் தொங்கிய பாதமும் எண்ணப்படுகின்றன, எண்ணுவது நன்றே. ஆனால் ஷ்வான் செல்லையும் நரம்பையும் காப்பாற்றக் காலம் எஞ்சியிருப்பது முதல் படியில். எண்ணத் தொடங்கும் இடத்தில் காப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

மறுப்புகள் எழும். 'உணர்ச்சியற்ற தேமல்' என்னும் எளிய அடையாளமே கிராமத்து மக்களை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது, அங்கே ஷ்வான் செல் பாடம் நடத்த முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அத்தொடரையே ஊன்றிப் பார்க்க வேண்டும். தேமல் தோலுடையது, உணர்ச்சியற்றது என்பது நரம்புடையது. நோயைப் பிரித்தறிவது இரண்டாவதே, முதலாவது அன்று. சுவரொட்டியில் தேமலின் படம் பெரிதாகவும் உணர்ச்சியின்மை சிறு எழுத்திலும் இருப்பது தற்செயலன்று.

ஷ்வான் செல்லைக் காக்கும் மருந்தே இன்னும் இல்லாதபோது இந்த அறிவால் பயனென்ன என்றும் கேட்கப்படும். பிராண்டிடமும் மருந்து இருக்கவில்லை. காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டதாலேயே தசைநாண்களை இடம்மாற்றும் அறுவையும், மென்மையான அடிப்பகுதி கொண்ட செருப்பும் பிறந்தன. இன்றைய எம்.சி.ஆர். செருப்பு அந்தப் புரிதலின் வாரிசு. முழங்கைக்குப் பின்னால் அல்னார் நரம்பை விரலால் உருட்டித் தடிப்பும் வலியும் பார்ப்பதற்கும், பால்பாயிண்ட் பேனா முனையால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொட்டு உணர்வு சோதிப்பதற்கும் எந்த இயந்திரமும் வேண்டா. சில நிமிடங்கள் போதும். ஊனத் தடுப்புக்கென்று திட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு என்று அதிகாரிகள் காட்டலாம். உண்டு. 2027க்குள் பரவலை முற்றாக நிறுத்தும் இலக்கும் உண்டு. பரவல் நின்றுவிட்ட நாளிலும், அதற்கு முன் நோயுற்ற பல லட்சம் பேரின் நரம்புகள் அப்படியே இருக்கும் என்பதை அவ்விலக்கு பேசுவதில்லை.

தொழுநோயோடு இது நின்றுவிடுவதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கு மேல். இவர்களில் பலருக்குப் பாதம் மரத்துப்போகிறது. மிகுந்த சர்க்கரையைச் சார்பிட்டாலாக மாற்றும் நொதி ஷ்வான் செல்லில் இருக்கிறது. சர்க்கரையின் தாக்குதலை ஏற்கும் முதல் வரிசையில் அச்செல்லும் நிற்கிறது. மருந்துக்கடையில் கிடைப்பதோ 'நரம்புச் சத்து மாத்திரை'. பி12 குறைபாடு நரம்பைக் கெடுக்கும் என்பதும் மெட்ஃபார்மின் உண்போருக்கு அக்குறைபாடு நேரலாம் என்பதும் மெய். சோதித்து அளித்தால் அது மருத்துவம். சோதிக்காமல் மரத்துப்போன ஒவ்வொரு பாதத்துக்கும் எழுதித் தருவது, துருப்பிடித்த கம்பிக்கு எண்ணெய் விடும் மனப்பான்மை.

இங்கே தமிழுக்கும் ஒரு கணக்கு உண்டு. 'நரம்பு' என்பது தமிழில் யாழின் தந்தி, தசைநாண், குருதி நாளம், உணர்வு நரம்பு எல்லாவற்றுக்கும் பொது. நாளத்தில் போடும் ஊசி இன்றும் பேச்சில் 'நரம்பு ஊசி'. இந்தியின் 'நஸ்' என்னும் சொல்லும் அவ்வாறே. இதைச் சொல்வளக் குறை என்று இகழ்வது அறிவீனம். மக்கள் மொழி உடலைத் தொட்டறிந்த அளவில் பெயரிட்டது. ஆனால் சுவரெங்கும் 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதி ஆண்மைக்கு மருந்து விற்போர் அச்சொல்லைக் கைப்பற்றியபோது கல்விப்புலம் வாளாவிருந்தது. கலைச்சொல் அகராதிகள் 'மயலினுறை' என்று எழுதுவதா 'மையலின் உறை' என்று எழுதுவதா என்று விவாதித்துக்கொண்டிருந்தன. உறை என்ற சொல்லே தகுமா என்று கேட்டவர் அரிது. 'புறநரம்புப் பேணுசெல்' என்றோ வேறெவ்வாறோ ஒரு பெயர் வந்தால் போதும் என்பதன்று வாதம். பெயர் எதுவாயினும் அதனருகே எழுதப்படும் விளக்கத்தில் பேணுதலும் பழுதுநீக்கலும் முதலிலும், மின்காப்பு அவற்றுக்குப் பின்னும் வர வேண்டும். பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்கள் அடுத்த திருத்தத்தின்போது இந்த ஒரு வரியை மாற்ற எத்தனை ஆண்டு வேண்டும்?

கடைசி மருந்து அட்டையை வாங்கிச் செல்பவரின் கையிலுள்ள சீட்டில் சிகிச்சை முடிந்த தேதி எழுதப்படுகிறது. அதே சீட்டில், அதற்குக் கீழே, அவருடைய முழங்கை நரம்பையும் முழங்கால் நரம்பையும் மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டிய தேதிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். தேதி தவறினால் அவரைத் தேடிச் செல்ல வேண்டியவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.